பச்சையாக எரிந்த வாக்கியம்

"எங்கள் தொழிலாளர்களே எங்கள் செல்வம்" என்று சென்னியப்பன் சொன்னதும் மேடை சிவந்தது. வெறும் ஒத்திகைதான். இளம்பிறையைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் மனிதர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"மறுபடியும் செவப்புங்க மேடம்."

"தெரியுதுங்க சார். இந்த வரியச் சொல்லி பச்சை வாங்குன முதலாளி இன்னும் பொறக்கல. எடுத்துருவோம்."

நிறுவனத் தலைவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மெய்காட்டி மேடையில் நின்றுதான் பேச வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பேசுபவரின் குரல்நாண் அதிர்வதையும் நெற்றியில் ரத்தம் ஓடுவதையும் அந்த மேடை படித்துக்கொள்ளும். படித்ததை விளிம்பில் ஓடும் விளக்குப் பட்டையில் ஊரறியக் காட்டிவிடும். நம்பிச் சொன்னால் பச்சை, நம்பாமல் சொன்னால் சிவப்பு, இரண்டுங்கெட்டானாக இருந்தால் மஞ்சள். உண்மை எது பொய் எது என்று அதற்குத் தெரியாது. பேசுகிறவர் தன் பேச்சைத் தானே நம்புகிறாரா என்பது மட்டும்தான் தெரியும். முதல் வருடம் நாடே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு சிமெண்ட் கம்பெனித் தலைவர் "வாடிக்கையாளரே தெய்வம்" என்றார். அரங்கம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பங்கு விலை சரிந்தது. வேறு சிலர் எதற்கு வம்பு என்று லாப நட்டக் கணக்கை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதிலும் இரண்டு பேருக்குச் சிவப்பு விழுந்தது.

இளம்பிறைக்கு வாழ்வு வந்தது அந்த வருடம்தான். அதற்கு முன்பு முதலாளிகளுக்கு உரை எழுதியவர்கள் உதட்டுக்கு எழுதினார்கள். இனிமேல் மனசுக்கு எழுத வேண்டும் என்பது கோயம்புத்தூரில் முதலில் அவளுக்குத்தான் உறைத்தது. மோட்டார்காரர்களும் மில்காரர்களும் அவள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவள் எழுதிய உரை ஒன்றில்கூட இதுவரை சிவப்பு விழுந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

ஆனால் அவளாகச் சொல்லிக்கொண்டால்தான் உண்டு. மேடை ஏறுகிறவர்கள் குலதெய்வத்துக்கு நன்றி சொல்வார்கள், தாத்தாவுக்குச் சொல்வார்கள், சமையல்காரருக்குக்கூடச் சொல்வார்கள். எழுதியவள் பெயர் மட்டும் வராது. அது அவளுக்கு வலித்தது. ஒரே ஒரு தடவை, நிறைந்த அரங்கில், ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்பட்டாள். சென்னியப்பனிடம் அதை வாய்விட்டே கேட்டாள்.

"அதுக்கென்னங்க மேடம்? கடைசில உங்க பேரச் சொல்லித்தான் முடிப்பேன்," என்றார் அவர். அப்போது ஒத்திகை மேடை நல்ல பச்சையாகவே எரிந்தது.

சென்னியப்பன் நீர்முத்து பம்ப்ஸ் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை. நல்ல மனிதர், பயந்த சுபாவம். நாற்காலி அவருடையது, பிடி அவருடைய சித்தப்பா நாச்சிமுத்துவின் கையில் இருந்தது. நிறுவனத்தின் இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரியை அடுத்த வருடம் மூடிவிட்டு வார்ப்புகளை வெளியில் வாங்கிக்கொள்வது என்று நாச்சிமுத்துவும் இயக்குநர்களும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். சென்னியப்பனுக்கு அதை அரைகுறையாகச் சொல்லிவைத்திருந்தார்கள். செய்தி கசிந்து தொழிலாளர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததால், பொதுக்கூட்ட உரை அவர்களைச் சாந்தப்படுத்தியாக வேண்டும்.

"அம்மிணி, 'யாரும் வேலை இழப்பது என் விருப்பமல்ல'ன்னு ஒரு வரி வெச்சுருங்க," என்றார் நாச்சிமுத்து. "பச்சையும் எரியும், நம்மளக் கட்டவுங் கட்டாது."

கட்டுவது என்று அவர் சொன்னது சட்டத்தின் மறுபாதியை. மெய்காட்டியில் பச்சையாக எரிந்த வாக்குறுதி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்குச் சமம். ஆகவே பச்சையாகவும் எரிய வேண்டும், எதையும் தருவதாகவும் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட வாக்கியம் செய்வதில்தான் உரை எழுதுகிறவர்களின் சாமர்த்தியம் இருந்தது. விருப்பம், கனவு, நெகிழ்ச்சி என்று கிலோக் கணக்கில் எழுதுவார்கள்.

இளம்பிறையின் வழி தனி வழி. அவள் யாருக்கும் வாக்கியம் கொடுக்க மாட்டாள். அந்த வாக்கியம் தானாக வாயில் வரக்கூடிய இடத்துக்கு ஆளை அழைத்துப் போவாள். கேள்வி கேட்பாள், காத்திருப்பாள். கழுத்தில் தொங்கும் குரல்பதிவி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பிறகு வெட்டி, ஒட்டி, செதுக்கித் திருப்பிக் கொடுக்கும்போது தன் சொந்தப் பொருளே திரும்பி வந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சென்னியப்பனைப் பவுண்டரிக்கு அழைத்துப் போனாள். சூடு ஆகாது என்று சின்ன வயதில் அப்பா உள்ளே விடாததால் அவர் அங்கே சரியாகக் கால் வைத்ததே இல்லை. பம்பின் உள்கூடு வார்ப்பதற்கு மணலில் கரு என்னும் உள் அச்சு செய்யும் சகாயராணி, அப்போதுதான் செய்த ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். முதலாளி பதறிப் பிடித்ததில் அது பொலபொலவென்று உதிர்ந்தது.

"அட விடுங்க சார், எனக்கும் மொத வருசம் பூரா இப்படித்தான்," என்று சிரித்தாள் சகாயராணி.

அதற்குப் பிறகு இளம்பிறை கூப்பிடாமலே அவர் போக ஆரம்பித்தார். கேண்டீனில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு மதியம் இளம்பிறை மெதுவாகக் கேட்டாள்: "இவங்கள்ல யாரப் போகச் சொல்லுவீங்க சார்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒருத்தரையுங்கூட முடியாதுங்க மேடம்," என்றார் கடைசியில்.

உரை அருமையாக வந்தது. நாச்சிமுத்து கேட்ட வரியில் வந்து நின்றபோதுதான் இளம்பிறை முகம் சுளித்தாள். 'யாரும் வேலை இழப்பது என் விருப்பமல்ல.' அத்தனை தூரம் ஏறிவந்த பேச்சு, கடைசிப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டது. உரக்கப் படித்துப் பார்த்தாள், உப்பில்லாத ரசம் குடித்தாற்போல இருந்தது. அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'நீர்முத்துவில் இன்று வேலை செய்யும் எவரும் வேலை இழக்க மாட்டார். இது என் வாக்கு.'

தொழிலாளர்கள் மீது கொண்ட இரக்கத்தால் அப்படி எழுதினாள் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. தான் எழுதிய ஓர் உரை சப்பென்று முடிவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நாச்சிமுத்துவோ முழுப் பிரதியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பச்சை எரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். எரியும் என்றாள்.

எரிந்தது. பொதுக்கூட்டத்தன்று முதல் வார்த்தையிலிருந்து மேடை பச்சையை விட்டு நகரவில்லை. கடைசி வாக்கியத்தைச் சென்னியப்பன் சொன்னபோது, கையில் ஆளுக்கு நாலு பங்கு வைத்திருந்த தொழிலாளர்கள் பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் நாச்சிமுத்துவின் பிடரி விறைத்தது. மூன்றாவது வரிசையில் இளம்பிறை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தன் பெயருக்காகக் காத்திருந்தாள்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத யாரும் எனக்கு எழுதித் தரலீங்க. என் மனசுல இருந்ததச் சொன்னேன்," என்றார்.

பச்சை. அன்றைய தினத்திலேயே அப்படியொரு பச்சை எரியவில்லை. இளம்பிறைக்குச் செருப்பைக் கழற்றி எறியலாம் போலவும் இருந்தது, எழுந்து நின்று கைதட்டலாம் போலவும் இருந்தது. கூசாமல் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். தன் தொழிலில் இதற்கு மேல் ஓர் உச்சம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் நாச்சிமுத்து ஒரு தட்டு நிறையப் பழத்தோடு அவள் அலுவலகத்துக்கு வந்தார்.

"நல்லாக் கட்டிப்போட்டீங்க அம்மிணி," என்றார். கோபத்தைக் காணோம். "பரவால்ல. அவுக்கறதும் நீங்கதான்."

சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. வாக்குறுதி தலைவருடையதல்ல, கூலிக்கு எழுதப்பட்டது என்று எழுதியவரே ஒப்புக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தன் மனசையே வாடகைக்கு எடுத்ததாக எந்த முதலாளி ஊருக்குச் சொல்வார்? அதனால் இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. நாச்சிமுத்து தொட்டுவிட்டார். நடுவர் மன்றத்தில் மனுப் போட்டாகிவிட்டது. இளம்பிறை மெய்காட்டி மேடையில் நின்று பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் எழுதியது அவள்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். உண்மையச் சொன்னாப் போதும். மறுநாள் நாடு பூரா உங்க பேருதான். அதத்தான ஆசப்பட்டீங்க?" என்று எழுந்துகொண்டார் அவர்.

ஆசைப்பட்டதுதான். அவர் போன பிறகு இளம்பிறை ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு, தன் பெயர் செய்தியில் எப்படி வரும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே வளைய வந்தாள். மூன்றாம் நாள் உக்கடம் பேருந்து நிலையத்தில் சகாயராணியைப் பார்த்தாள்.

"அக்கா, பவுண்டரிய மூடுறாங்கன்னு ஊரு மாத்திப் போறதா இருந்தோம்ல? போகல. முதலாளி சொல்லிட்டாருல்ல! பாப்பாவ இங்கயே காலேஜ் சேத்துட்டேன்."

இளம்பிறை பேருந்து ஏறாமல் நின்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் எழுதிய வாக்கியங்கள் எத்தனையோ. கைதட்டலோடு பிறந்து, தேநீர் இடைவேளைக்குள் செத்துப்போனவை எல்லாம். இது ஒன்றுதான் உயிரோடு ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறது! வேறு எந்த உரைகாரன் எழுதியது இப்படி உலாவுகிறது என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு விம்மியது. அதை என்னுடையது என்று சொன்ன நிமிடத்தில் அது செத்துவிடும். செத்த வாக்கியத்தின் மேல் பெயரைப் பொறித்துக்கொண்டு என்ன செய்வது? அவள் கர்வம் அதற்கு ஒப்பவில்லை.

ஆனால் மறுப்பது எப்படி? ஒத்திகை மேடையில் ஏறி "அதை நான் எழுதவில்லை" என்று சொல்லிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் முதல் சிவப்பு. மறுபடி சொன்னாள், இன்னும் சிவந்தது. 'நான்தான் எழுதினேன்' என்ற பெருமை அவளுடைய ரத்தத்திலேயே ஓடும்போது பட்டை வேறு என்ன காட்டும்?

இனி ஒரே வழிதான். ஊரிலேயே சிறந்த உரையமைப்பாளரை, அதாவது தன்னையே, இளம்பிறை தனக்கு அமர்த்திக்கொண்டாள். குரல்பதிவியில் இருந்தவற்றை ஒலிவெட்டியில் போட்டு, தன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் களைந்தாள். சென்னியப்பனின் குரல் மட்டும் மிஞ்சியது. "ஒருத்தரையுங்கூட முடியாதுங்க." சமைக்கும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். எழுதிய பிரதிகளை அழித்தாள். சொல்லக் கேட்டதைவிடத் தான் சொன்னதைத்தான் மனசு சீக்கிரம் நம்பும் என்பது அவள் மற்றவர்களிடம் கற்ற பாடம். அதனால் பவுண்டரி கேண்டீனுக்குப் போய் சகாயராணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "எல்லாம் அவராச் சொன்னதுதான். நான் சும்மா கூட இருந்தேன்."

"ஆமாக்கா, நானுந்தான் பாத்தேனே," என்றாள் சகாயராணி, ஒவ்வொரு தடவையும்.

அதுவும் பொய்யில்லை. அந்த மதியம் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்துதானே வந்தது? சிவப்பு மெல்ல மஞ்சளாகியது. மஞ்சளில் வெகுநாள் நின்று அடம்பிடித்தது.

நடுவர் மன்றத்தில் முதலில் சென்னியப்பன் நின்றார். வாக்கு தன்னுடையது என்றார், பச்சை. அடுத்து இளம்பிறை ஏறினாள்.

"அந்த வாக்கியத்தை எழுதியது நீங்களா?" என்றார் நடுவர்.

"இல்லீங்க. அவர் சொன்னார். நான் கூட இருந்தேன்."

பட்டை ஒரு கணம் மஞ்சளாக நடுங்கியது. பிறகு பச்சையாகி நின்றது.

"அம்மிணி!" என்று நாச்சிமுத்து இருக்கையை விட்டு எழுந்தார். கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றார். சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. மனு தள்ளுபடியானது. வெளியே வந்த இளம்பிறைக்கு, இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஆச்சரியமாக இருந்தது.

பவுண்டரி இன்னும் ஓடுகிறது. போன மாதம் பல்சக்கரம் செய்யும் கம்பெனி ஒன்றின் வாரிசு இளம்பிறையைத் தேடி வந்தான். நீர்முத்து சென்னியப்பன் பேசியதைப் போல ஓர் உரை தனக்கும் வேண்டும் என்றான். பதிவையும் கொண்டுவந்திருந்தான். இளம்பிறை ஒத்திகை மேடை மேலேயே நின்றுகொண்டு, தொழில்காரியின் சுளித்த புருவத்தோடு கடைசிவரை கேட்டாள்.

"இது எழுதிக் குடுத்து வர்ற பேச்சில்லீங்க தம்பி. அந்த மனுசன் மனசுல இருந்து வந்தது."

பட்டை பச்சையாக எரிந்தது. வாரிசு அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு," என்றாள் இளம்பிறை. "அந்தக் கடைசி வரி கொஞ்சம் மொரடு. நான் எழுதியிருந்தா இன்னும் நல்லா முடிச்சிருப்பேன்."