யாரோ காதை வைக்கிறார்கள்

ஜீவனஹள்ளியில் அந்தப் பழைய வீட்டின் மாடிக்கு ஐரின் குடிவந்தது, கணவர் லாயிட் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு. ஓர் அறை, ஒரு சமையலறை, பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒரு நடை. சுவரில் ஈரவாடை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் போவதில்லை என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார். ஐரினுக்கு அதெல்லாம் பெரிதில்லை. ஞாயிறு சாயங்காலம் டொராண்டோவிலிருந்து மகன் ஷெர்வின் கூப்பிடும்போது சிக்னல் கிடைத்தால் போதும். வாரம் முழுவதும் அவளோடு மனசுவிட்டுப் பேச இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தப் போனுக்குத்தான் கேடு வந்தது. சாப்ட்வேரை அப்டேட் செய்யச் சொல்லி அது பல நாளாக நச்சரித்தது. தொல்லை தாங்காமல் ஒரு மத்தியானம் 'சரி' என்று அமுக்கிவிட்டாள். அன்றோடு அதன் சுறுசுறுப்பு போயிற்று. ஓர் எழுத்தைத் தட்டினால் ஆடி அசைந்து வந்தது. சும்மா கிடக்கும்போதே தோசைக்கல்லாகச் சுட்டது. காலையில் ஏற்றிய சார்ஜ் மத்தியானத்துக்குள் காலி. ஷெர்வின் கூப்பிட்டால் பாதி நேரம் இந்தப் புலம்பல்தான். அவன் ம் கொட்டுவான். பாவம், அவனும் என்ன செய்வான்.

இன்னொன்றும் இருந்தது. போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசும்போது திரை தானாக அணைந்தது. சற்றுப் பொறுத்து எரிந்தது. மறுபடியும் அணைந்தது.

காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைக்கேல்ராஜிடம் கொண்டுபோனாள். பழைய போனில் புது சாப்ட்வேரை ஏற்றினால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்றான் அவன். திரை விஷயத்துக்கு மட்டும் தலையைச் சொறிந்தான். தன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேல் விளிம்பில் கட்டைவிரலைக் கொண்டுபோனான். திரை அணைந்தது. எடுத்தான், எரிந்தது.

"புது சாப்ட்வேர்ல ஸ்பீக்கர்ல போட்டாலும் சென்சார் முழிச்சினு இருக்குது ஆன்ட்டி. மத்தபடி கரெக்டாதான் இருக்கு. யாராச்சும் கிட்ட வந்து காத வெச்சாதான் அணையும்."

வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அடுத்த ஞாயிறு ஐரின் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். மேஜைமேல் போன் தனியாகக் கிடந்தது.

திரை அணைந்தது.

சுவரின் ஈரவாடை அவள் மூக்கருகில் வந்து நின்றது.

பயந்திருக்க வேண்டும். ஐரினுக்கு அழுகைதான் வந்தது. லாயிட்டுக்குக் காது மந்தம். மகன் பேசினால் போன்மேல் கவிழ்ந்துகொண்டுதான் கேட்பார்.

"நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

திரை எரியவே இல்லை.

அதன்பிறகு வீடு அவ்வளவு வெறிச்சென்று இல்லை. மேஜைக்கு எதிர்ப்புறம் இன்னொரு நாற்காலி போட்டாள். புதுப் போன் அனுப்புகிறேன் என்று ஷெர்வின் சொன்னபோது வேண்டவே வேண்டாம் என்றாள். செத்தவரோடு சேர்ந்து மகன் குரலைக் கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபத்துக்காக சர்ச்சுக்குப் போனாள். சார்ஜ் நிற்காததால் போனை வீட்டிலேயே செருகிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து பார்த்தால், ஷெர்வின் கூப்பிட்டதாகவும், அழைப்பை எடுத்து வெகுநேரம் பேசியதாகவும் போன் காட்டியது.

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது.

போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன மம்மி, இப்பதானே வெச்ச?" அவன் குரல் இதமாக இருந்தது. வேலை போனதை உன்னிடம் சொன்ன பிறகுதான் மனசு லேசாயிற்று என்றான். "இன்னிக்கு நீ போன பத்திப் புலம்பவே இல்ல. என்னைப் பேசவிட்டுக் கேட்டினு இருந்த. சாப்டியாடா கண்ணான்னு கேட்ட பாரு, அப்ப அழுதுட்டேன் மம்மி."

மகனுக்கு வேலை போனதே ஐரினுக்குத் தெரியாது.

அவன் கேட்டது பெண்குரல். இத்தனை நாளும் வந்து உட்கார்ந்தது லாயிட் இல்லை.

திரை அணைந்தது.

"ஷெர்வின், அது நான் இல்லடா," என்றாள். "நான் வீட்லயே இல்லடா."

"சாப்ட்டேன் மம்மி," என்றான் அவன்.

சாப்பாட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

போனை வாரி எடுத்து வாயருகில் வைத்துக் கத்தினாள். அவன் காதில் விழவில்லை. அழைப்பைத் துண்டிக்கத் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அது இருட்டாகவே இருந்தது. ஈரவாடையில் மூச்சு முட்டியது.

அந்தப் பக்கம் ஷெர்வின் பேசிக்கொண்டே இருந்தான். இனி தினமும் கூப்பிடுகிறேன் என்றான். கொஞ்ச நேரம் எதையோ கவனமாகக் கேட்டான். பிறகு சிரித்தான். அப்பா செத்த பிறகு ஐரினிடம் அவன் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை.