யாராவது உட்காரணும்

மூன்று இழுப்பு, ஒரு ஊதல்.

பூட்டில் சாவியை நுழைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. பிளாஸ்டிக்கின் மேல் உப்புத்தாளை வைத்துப் பூப்போலத் தேய்க்கிற சத்தம்: சர், சர், சர். பிறகு தூசியை விரட்ட வாயால் ஒரு ‘ஃபூ’. மறுபடி சர், சர், சர். ஃபூ. பெரிய மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டராகவே தலை நரைத்தவள் அவள். அழைப்பவர் பேர் சொல்வதற்கு முன்பே, மூச்சு விடுகிற தினுசை வைத்தே இன்ன வார்டு, இன்ன நர்ஸ் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவள் காது ஏமாந்ததில்லை. இது மகனுடைய கை. மகனுடைய ஊதல்.

மகன் போய்ச் சேர்ந்து அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். யாரும் நுழையாமல் சாத்தியே கிடந்த அவன் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. தின்னர் நெடியும் பசை நெடியும் கூடம் வரை வந்து நின்றன. மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர்.

“ஏங்க…”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் ஒரு பிளாஸ்டிக் போர் விமானம். காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் மகன் பாதியில் விட்டுப்போன ஜெட். இறக்கை ஒட்டியிருந்தது, வால் இல்லை, மூக்கு இல்லை.

“சும்மா கெடந்துச்சு,” என்றார், திருடி அகப்பட்டுக்கொண்டவர் போல. “முடிச்சு வெக்கலாம்னு பாத்தேன். அரைகுறையா அத அப்படிப் பாக்க முடியல.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் வெல்டர். இரும்பு கேட்டும் கிரில்லும் பற்றவைத்துப் பற்றவைத்து விரல்கள் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி ஆகிவிட்டன. நரைத்த மீசைக்குக் கீழே, தாடையில் தீப்பொறி தின்ற தழும்பு ஒன்று கருப்பாக நிற்கும். ஒருமுறை ஆசையாக மகனின் விமானத்தைத் தூசி தட்டுகிறேன் என்று சக்கரத்தை முறித்துவிட்டு, “லேண்டிங் கொஞ்சம் கஷ்டமாயிடுச்சுப்பா” என்று அசடு வழிந்தார். மகன் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெருவே மகனைப் ‘பைலட்’ என்றுதான் கூப்பிட்டது. விமானப்படையில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஒற்றைக்காலில் நின்றான். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு பெட்டியோடு வந்தான். “ஓட்டத்தான விடமாட்டாங்க. செய்யலாம்ல?” என்றான். அன்றிலிருந்து கூரியர் ஆபீஸ் வேலை முடிந்து வந்தால் இந்த மேசைதான். அலமாரி நிறைய ஜெட் விமானங்கள் மூக்கை வெளியே நீட்டி நின்றன.

அவன் கடைசி நாளில் அவளும் அவனைச் சேர்த்திருந்த அதே மருத்துவமனையில் டியூட்டியில்தான் இருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், ஒரு எண்ணைச் சொல்லி, “பேஷன்ட்டோட அப்பா நம்பர், உடனே கனெக்ட் பண்ணுங்க” என்றாள். தன் கணவரின் எண். அவளே அதை அழுத்தினாள். அவளே இணைத்தாள். இணைத்த கையோடு காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

அந்தச் செய்தியைத் தனியாகக் கேட்டவர் அவர். அதனால் விமானத்தை முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மனுஷனுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா?

ஆனால் வேலை நன்றாக வந்தது. அதுதான் உறுத்தியது. ஊசியில் நூல் கோக்கக்கூட அவளைக் கூப்பிடுகிறவர், விமானியின் இருக்கைக்கு முன்னால் இருக்கும் மிளகளவு மீட்டர்களில் வெள்ளை முள் வரைந்திருந்தார். மூக்குக்கண்ணாடி அலமாரி மேல் சும்மா கிடந்தது. இரண்டு பாதிகள் சேர்கிற கோடு விரலால் தடவினாலும் தட்டுப்படவில்லை.

“யாருங்க சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. கை தானா போகுது.”

பிரஷ் அவருடைய இடது கையில் இருந்தது. அவர் வலது கைக்காரர்.

ஒரு மாலை, ஜன்னலுக்கு வெளியே மழை கட்டி வானம் அழுக்குத் துணி நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் இருந்தவளுக்கு அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

“ம்மா, டீ.”

“இதோ, கண்ணா,” என்றாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பால் விட்டாள். இரண்டாவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கும்போதுதான் கை நின்றது. அவள் கணவர் டீ குடிக்கமாட்டார். காபிதான், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது. அவள் அணைக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சர், சர், சர். ஃபூ.

டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மேசை ஓரத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு இல்லை. இடது கை நீண்டு டம்ளரை எடுத்தது. குடித்துவிட்டு வைத்தது. கடைசி வாயை மட்டும் மிச்சம் வைத்தது.

மகன் எப்போதும் மிச்சம் வைப்பான்.

விமானம் முடிந்த அன்று கணவர் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கினார். விரல் நகங்களில் இருந்த சாம்பல் நிறப் பெயின்ட்டை யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இங்க பாரு. அந்த ரூமப் பூட்டிடு.”

“ஏங்க?”

“உள்ள ஒக்காந்தா நான் இங்க இல்ல. எங்கியோ போயிடறேன். எங்கன்னு சொல்லத் தெரியல. இருட்டா இருக்கு. கால் நீட்ட எடம் இல்ல. கத்தினா என் காதுக்கே கேக்க மாட்டேங்குது.” நகத்துப் பெயின்ட்டைச் சுரண்டினார். “கடைசி தடவ திரும்பி வர்றதுக்குள்ள உசுரே போயிடுச்சு. பூட்டிடு, என்ன?”

பூட்டினாள். சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. கணவர் தேறினார், வேலைக்குப் போனார், காபி குடித்தார். அவள்தான் கரைந்துகொண்டிருந்தாள். மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் குரலை அடுத்தவர் அம்மாக்களுக்கு இணைத்துவிட்டாள். ‘ம்மா, ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்’ என்று யாராவது சொன்னால், இணைப்பைத் துண்டிக்க மறந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். செத்தவன் ஒரு தடவைகூடப் பேசாமலே போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவன் டீ கேட்டான். அவள் கொடுத்தாள். குடித்தான். அதற்கு மேல் எப்படிப் பொறுப்பது?

ஒரு நாள் வேலை முடிந்து வழக்கமான பஸ்ஸில் ஏறாமல், மகன் வாடிக்கையாகப் போகும் விமான மாடல் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

“பையனுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேங்க ஒண்ணு. புது ஜெட். வந்து வந்து பாத்துட்டுப் போவாரு. அதுக்கப்புறம் யாருக்கும் விக்க மனசு வரல.”

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்தாள். பெட்டி மட்டும் நனையவில்லை.

கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“என்ன இது?”

அவள் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“நான் அவ்ளோ சொல்லியும் வாங்கிட்டு வந்திருக்க.”

“ஒரே ஒரு தடவ,” என்றாள். அவளுக்கே தன் குரல் பிச்சைக்காரி குரல் மாதிரி கேட்டது. “இது முடிஞ்சதும் சாவிய நானே கெணத்துல போட்டுடறேன். ஒரே ஒரு தடவங்க.”

அவர் பெட்டியின் மேல் இருந்த படத்தையே பார்த்தார். கூரையிலிருந்து மழை சொட்டுகிற சத்தம் மட்டும்.

“அவன் ஒன்கிட்டப் பேசினானா?”

“பேசினான்.”

“என்ன பேசினான்?”

“டீ கேட்டான்.”

அவர் முகம் கோணியது. அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “என்கிட்டப் பேசலியே. அவன் வரும்போது நான் இருக்க மாட்டேங்கிறேனே.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். முகம் கழுவினார். கை கழுவினார், நக இடுக்கு வரை, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி. “சரி, குடு. நீயாவது கேளு.”

அவள் கொடுத்தாள்.

இந்த முறை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, துண்டுகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முதல் துண்டை வெட்டிய உடனே கத்தி வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது. தோள்கள் தளர்ந்து முன்னால் சாய்ந்தன. கூன் விழும்டா, நிமிர்ந்து உட்காரு என்று எத்தனை தடவை அதட்டியிருப்பாள், அதே சாய்வு.

மருத்துவமனைக்கு லீவு சொல்லிவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். தின்னர் நெடியில் தலை கிறுகிறுத்தது. விளக்கு வெளிச்சத்தில் பெரிதான நிழல் கை சுவரில் ஏறி இறங்கியது. அவள் கையை மட்டும் பார்த்தாள். முகத்தைப் பார்த்தால் கணவர். கண்ணை மூடினால் மகன். ஆகவே பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்.

“ம்மா, அந்த ட்வீசர எடு.”

அந்தச் சின்ன இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள்.

“இது சாம்பல்லயே ரெண்டு வகைம்மா. மேல கருப்புச் சாம்பல், வயித்துல வெளுத்த சாம்பல். கீழருந்து பாத்தா வானத்தோட வானமா போயிடும்.”

“அப்படியாடா?” இந்தக் கதையை முன்பே நூறு தடவை கேட்டிருக்கிறாள். நூற்றோராவது தடவை கேட்கக் கொடுத்துவைத்திருந்தது.

“கண்ணா, ஒனக்கு ரொம்ப வலிச்சுதா?”

சர், சர், சர். ஃபூ.

“உங்கப்பா எங்கடா?”

உப்புத்தாள் நின்றது.

மழையும் நின்றிருந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை.

“இருக்காரு,” என்றது குரல்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இறக்கை வந்தது. வால் வந்தது. தண்ணீரில் ஊறவைத்த ஸ்டிக்கர்ச் சின்னங்கள் ஒவ்வொன்றாக விமானத்தின் உடம்பில் ஏறி ஒட்டிக்கொண்டன. கடைசியாக, நகத்தளவு விமானி பொம்மை. இதற்கு முன் செய்ததில் எல்லாம் ஹெல்மெட்டும் பிராணவாயு முகமூடியும் போட்ட முகம்தான். யார் முகமும் இல்லாத முகம். இதில் இடது கை கத்தியை எடுத்து முகமூடியைச் செதுக்கி நீக்கியது. பிரஷ்ஷின் மயிர்களைப் பிடுங்கியது. ஒரு மயிர் மிச்சம். அதைப் பெயின்ட்டில் தொட்டது.

அவள் எழுந்து பக்கத்தில் போனாள்.

மேலுதட்டில் நரைத்த மீசை. தாடையில் கருப்பாக ஒரு புள்ளி.

“யாருடா அது?”

“யாராவது உட்காரணும்லம்மா.”

“வேணாம்.”

“வெறும் இருக்கையா விட முடியாது.”

“வேணாம் கண்ணா. ஒட்டாத.”

சொன்னாள். ஆனால் எவ்வளவு மெல்லச் சொன்னாள்! தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற மாதிரி. கையைத் தட்டிவிட்டிருக்கலாம். கை எட்டும் தூரம்தான்.

ட்வீசர் பொம்மையைத் தூக்கியது. இறக்கியது. உட்காரவைத்தது. இருக்கைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியின் விளிம்பில் பசை. மூடி பொருந்தியது.

டிக்.

இந்த முறை தோள்கள் நிமிரவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் கணவருடைய உடம்பு எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கோத்துச் சோம்பல் முறித்தது. பெரிய கொட்டாவி. அவளைத் தாண்டிப் போகும்போது அவள் தலையை லேசாகத் தட்டிவிட்டுப் போனது.

“பசிக்குதும்மா.”

கூடத்தில் தட்டு எடுக்கிற சத்தம். தண்ணீர் பிடிக்கிற சத்தம். பல்லிடுக்கில் ஏதோ பாட்டு. இருபத்தேழு வயதுப் பிள்ளையின் சத்தங்கள். வந்துவிட்டான். போகமாட்டான். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

மூடிக்குள் ஏதோ வெளுத்தது.

குனிந்தாள். கண்ணாடியின் உள்பக்கம், மீசைக்கு நேர் எதிரே, கடுகளவு ஆவி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தது. மறுபடி படிந்தது. கரைந்தது. படிந்தது. தினுசு தெரிந்துபோயிற்று. ஒரு மூச்சிலேயே தெரிந்துபோயிற்று. எத்தனை வருடம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள்!

கத்தியை எடுத்தாள். முனையை மூடியின் விளிம்பில், பசைக் கோட்டின் மேல் வைத்தாள். ஒரு நெம்பு போதும்.

“ம்மா?” கூடத்திலிருந்து. பாட்டு நின்றிருந்தது. “என்னம்மா பண்றே?”

பசை இன்னும் காயவில்லை.

“ம்மா. நான் போகவா?”

அவள் கத்தியை மேசை மேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

“இதோ வரேன் கண்ணா,” என்றாள்.

கண்ணாடிக்குள் ஆவி இப்போது மூடி முழுக்கப் பரவியிருந்தது. மீசை தெரியவில்லை, முகம் தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவே, உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று மெதுவாக ஒரு கோடு துடைத்தது. பிறகு இன்னொரு கோடு.