கிழக்கே காட்டும் கை

ஜூலை மாதத்து உச்சிவேளையில் எங்கள் பாலைவன ஊர் ஹார்லன் வெல்ஸுக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. வழி தவறியவர்கள் ஒன்று, அரசாங்க வேலையாக வருகிறவர்கள் இன்னொன்று. கெஸ்லர் இரண்டாம் வகை.

மாவட்ட அலுவலகத்து வெள்ளைக் காரைப் பெட்ரோல் பங்க் நிழலில் விட்டுவிட்டு, டாலியின் உணவு விடுதிக்குள் வந்தார். நூற்றுப் பதினேழு டிகிரி வெயிலில் டை கட்டுகிற மனிதனை நான் நம்புவதில்லை. கக்கத்தில் காகிதம் சுற்றிய பலகை ஒன்று. அதை மேசைமேல் கிடத்தி, மணப்பெண்ணின் முகத்திரையை விலக்குவதுபோலப் பிரித்தார்.

ஊரைப் பற்றிய தகவல் பலகை, பழையதற்குப் பதில் புதிது. கடல்மட்டத்துக்கு மேல் 1,912 அடி. பக்கத்து மருத்துவமனை 94 மைல். ஆண்டு மழை நான்கு அங்குலம். கடைசி வரி: வற்றாத ஊற்று, கிழக்கே 11 மைல்.

"அந்தக் கடைசி வரிய எடுங்கன்னு ஆறு கடுதாசி போட்டேன்" என்றேன்.

"ஆறும் வந்துச்சு, மிஸ்டர் பக்னர். உங்க எழுத்து நடைய ஆபீஸ்ல எல்லாரும் ரசிச்சோம்."

"அங்க ஊத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"மண்ணு இருக்கு" என்றாள் டாலி, காபியை ஊற்றிக்கொண்டே.

கெஸ்லர் ஃபைலைத் திறந்தார். "1974 சர்வேல நம்பகமான உள்ளூர்வாசி ஒருத்தர் நேர்ல சொன்ன தகவல் இது. சும்மா அழிச்சிட முடியாது."

அந்த நம்பகமான உள்ளூர்வாசி என் அப்பா ஃபிளாய்ட் பக்னர். வாழ்நாளில் மனைவியிடம்கூட உண்மை பேசியதாகத் தகவல் இல்லை.

ஊற்று உண்டு. ஆனால் அது மேற்கே, சர்ச்சுக்குப் பின்னால் உள்ள பாறை இடுக்கில். இருபது வீடுகள் அதைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கின்றன. சுரங்கக் கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று, வரைபடக்காரனிடம் அப்பா கிழக்கே கை காட்டினார். ஊரே அதற்குத் தலையாட்டியது. அன்றிலிருந்து அது எங்கள் வழக்கம். அந்நியன் ஊற்றைக் கேட்டால் கிழக்கே காட்டு. எங்கள் பிள்ளைகள் வலது கை எது என்று கற்பதற்கு முன்பே கிழக்கு எது என்று கற்றுக்கொள்வார்கள்.

போன ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூத் அமாயா வந்தாள். பள்ளி ஆசிரியை, விடுமுறையில் தனியாக ஊர் சுற்றுகிறவள். டாலியின் கடை பூட்டியிருந்தது. நான் சாலையோரம் என் வண்டியில் சாய்ந்து நின்றேன். கையில் வரைபடத்தோடு சிரித்துக்கொண்டே கேட்டாள், ஊற்று எந்தப் பக்கம் என்று.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

நான்கு நாள் கழித்துக் கண்டெடுத்தோம். கார் மணலில் புதைந்திருந்தது. அவள் அங்கிருந்து ஒரு மைல் நடந்து, இல்லாத ஊற்றைத் தேடி வெறுங்கையால் தோண்டியிருந்தாள். முழங்கை ஆழம்.

"சரி, எப்படித்தான் எடுக்கிறது?" என்று கெஸ்லரைக் கேட்டேன்.

ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "சரியான நீராதாரம் எதுன்னு உள்ளூர்வாசி கையெழுத்துப் போட்டுத் தரணும். நீராதாரமே இல்லேன்னா குடியிருப்புன்னு பட்டியல்ல போட விதி கிடையாது. ஊரே அழிஞ்சிடும். காகிதத்துல சொல்றேன்."

"மெர்ல்" என்றாள் டாலி என்னிடம். குரல் தணிந்திருந்தது. "அதுல கை வச்சே, அடுத்த வருஷம் நம்ம தண்ணி எவனோட பாட்டில்லயோ இருக்கும். உங்கப்பன் பொய் சொன்னாலும் நமக்காகச் சொன்னான்."

"அந்தப் பொண்ணு செத்தா, டாலி."

"தெரியும்பா. நானும்தானே தூக்கினேன்."

வாசலின் கம்பிவலைக் கதவு திறந்தது.

காற்று இல்லை. கதவு திறந்து, ஆள் நுழையும் நேரம் அப்படியே நின்று, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கொதித்த ரேடியேட்டரின் வாடை வந்தது. அதற்குப் பின்னால் வேறொரு வாடை. போன ஆகஸ்டில் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நாங்கள் முகர்ந்த அதே வாடை.

ஏசி இரைச்சல் நின்றது.

கெஸ்லரின் தம்ளரில் தண்ணீர் குறைந்தது. யாரும் தொடவில்லை. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. அடியில் பனிக்கட்டி மட்டும் கிணுகிணுத்தது.

பிறகு, உலர்ந்த தோலைக் கிழிப்பதுபோல ஒரு குரல்.

"ஊத்து எந்தப் பக்கம்?"

டாலியின் கை உயர்ந்தது. காபி ஜாடி விழுந்து உடைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள். அது கிழக்கே நீண்டிருந்தது.

என் கையும்.

கெஸ்லரின் கையும். இந்த ஊரில் ஒரு இரவுகூடத் தங்கியிராத மனிதன். "என்ன இது" என்று முனகி, இடக்கையால் வலக்கையைப் பிடித்து இழுத்தார். அது மடங்கவில்லை. பலகையில் அச்சடித்தவனும் வழிகாட்டியவன்தானே.

"எந்தப் பக்கம்?"

இப்போது குரல் என் காதருகில். மூச்சுக்காற்று இல்லை. சூடு மட்டும்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. பயத்தைவிடப் பெரிதாக, பதினொரு மாதமாக அடக்கிவைத்த கோபம். அப்பாமேல், தலையாட்டிய ஊர்மேல், ஆறு கடிதங்களையும் ரசித்த ஆபீஸ்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக நீட்டிக்கொண்டிருந்த இந்தக் கைமேல். அதை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"மேக்கே" என்றேன். "மேக்கேம்மா. சர்ச்சுக்குப் பின்னால, பாறை இடுக்குல. நான் சொன்னது பொய்."

கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. நீண்டிருந்த கைகள் தாமாகத் தாழ்ந்தன. ஏசி இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

இடக்கையால் படிவத்தை நிரப்பினேன். டாலி தடுக்கவில்லை. கோணல்மாணலான கையெழுத்தைப் பற்றிக் கெஸ்லர் விதி எதுவும் சொல்லவில்லை. அந்த வரியைத் தன் பேனாவாலேயே அடித்துவிட்டு, பலகையைக் காரில் போட்டுக்கொண்டு போனார். டையை மேசையிலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை மாவுக்கட்டோடு வந்த என்னை டாலி ஊற்றுக்கு அழைத்துப்போனாள். "நீயே வந்து பாரு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சர்ச் முற்றத்து மணலில் காலடித் தடங்கள். பெண்ணின் செருப்புத் தடம் ஒன்று முன்னால். அதன் பின்னால் ஒரு பூட்ஸ். ஒரு வெறுங்கால், விரல்கள் இழுபட்டு. சேர்ந்தே நடந்த இரண்டு பேர். கையூன்றித் தவழ்ந்து வந்த யாரோ. பக்கத்தில், என் உள்ளங்கையைவிடச் சிறிய பாதம் ஒன்று.

"நமக்குத் தெரிஞ்சு செத்தது ஒருத்திதானே, மெர்ல்" என்றாள் டாலி.

எண்ணத் தொடங்கினேன். பதினேழில் நிறுத்திவிட்டேன்.

எல்லாம் கிழக்கேயிருந்து வந்து பாறை இடுக்குக்குள் போயிருந்தன. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. உள்ளே, இருட்டில், பல வாய்கள் நிதானமாகத் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.