தெருவெல்லாம் பூ

செல்போன் அலறியது.

கஜபதி எடுக்கவில்லை. நாலு ரிங் போகட்டும் என்று விட்டான். சாவுச் செய்தியை முதல் ரிங்கிலேயே எடுக்கிறவனை யார் நம்புவார்கள்?

ஞாயிறு மதியம் இரண்டரை. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. கூப்பிட்டது மனைவி மைதிலி. இத்தாலியிலிருந்து வீடியோ கால்!

அங்கே ஒரு சின்ன மலை ஊர். கோலப் போட்டியில் ஜெயித்த மைதிலியைத் தங்கள் திருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாமாம். அவள் சொன்ன பெயர், கௌதம். பூந்தமல்லியில் கல்யாண மேடை ஜோடிக்கிறவன்.

"புருஷன்னு நான் ஒருத்தன் இருக்கேன். அவன் எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு புள்ளி நேரா வைக்கத் தெரியுமா? அவன் கை சுத்தமான கைங்க."

அவன் கையாம்... கை! அந்த ஊர் வழக்கத்தை மூன்று நாள் உட்கார வைத்துச் சொன்னாள் அவள். ஒன்றாவது கஜபதி காதில் ஏறினால்தானே! பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இரண்டு பேரையும் ஒரே ஸ்கூட்டரில் பார்த்ததாக எவனோ சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை. கால் டாக்ஸி வருவதற்குள் கௌதம் பையை சோபாவில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான்.

அல்சர்காரன். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேப்ஸ்யூல். டப்பாவில் இருந்த அத்தனையையும் கஜபதி மாற்றினான். புதிதாகப் போட்டவற்றில் இருந்தது மருந்தல்ல, விஷம்.

நேற்று சாயங்காலம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ராத்திரி சாப்பிட்டிருப்பான். இன்றைக்கு...

ஐந்தாவது ரிங்கில் எடுத்தான்.

திரையில் ஒரு குறுகலான தெரு. தெருவெல்லாம் பூ!

பேண்டு வாத்தியம் முழங்கியது. வெள்ளை அங்கிக்காரர்கள் நாலு பேர் கழி பிடித்து எதையோ தாங்கி வந்தார்கள். பின்னால் ஊரே பூவை மிதித்துக்கொண்டு நடந்தது.

ஆவடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை வேறு யாராவது விளக்க வேண்டுமா? பேண்டு, நாலு பேர், தெருவில் கொட்டின பூ. சாவு ஊர்வலம்!

அதற்குள் எடுத்துவிட்டார்களா? நல்லதாகப் போயிற்று. போஸ்ட்மார்ட்டம் கிடையாது.

கேமரா திரும்பியது. மைதிலி தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கௌதம் இல்லை.

'நான் டெங்குவில் கிடந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? இவனுக்கு இந்த அழுகையா...' செத்தவன் மேலும் பொறாமையாக இருந்தது அவனுக்கு.

"மைதிலி... அழாதம்மா. மனச தேத்திக்கோ."

"முடியலைங்க. தானா வருது."

"எல்லாம் விதி. நல்ல பையன். நேத்து சாப்ட்டுட்டு அந்த கேப்ஸ்யூல போட்டிருப்பான், தூக்கத்துலயே போயிருப்பான். வலி தெரிஞ்சிருக்காது."

அழுகை நின்றது.

"யாரைச் சொல்றீங்க?"

"கௌதமைத்தான்..."

திரையின் ஓரத்தில் ஒரு தலை நுழைந்தது. தாடியெல்லாம் ரோஜா இதழ்.

"இன்னாண்ணாத்தே? நான் இங்கதான் கீறேன்."

கஜபதி போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அப்போ... அந்தப் பூ? பேண்டு?"

"திருவிழாங்க இது!" என்றாள் மைதிலி. "தெருவுலயே பூவால படம் போடுவாங்க. காலையில நாலு பேரு மேல துணிப் பந்தல் பிடிக்க, பாதர் சாமியத் தூக்கிட்டு அது மேல நடந்து வருவாரு. தலைபாடா அடிச்சுக்கிட்டேனே உங்ககிட்ட? நாங்க போட்ட மயிலு... மிதிச்சுட்டாங்க. அதான் தாங்கல."

"ராத்திரி பூரா குந்திகினு இதழ் கிள்ளினோம்," என்றான் கௌதம். "ஊர்வலம் தாண்டுற வரிக்கும் பூ வெச்சவங்க எதுவும் துண்ணக்கூடாதாம். இந்த ஊரு வழக்கம். துண்ணாம எங்க மாத்திரை போடறது? இப்பதான் ரொட்டி குடுத்தாங்க. துண்ணுட்டு டப்பாவ எடுத்துகினேன், நீ கேப்ஸ்யூல்ன்ற."

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரு கேப்ஸ்யூல்.

மைதிலி அதைத் தட்டிப் பறித்தாள். விரலால் பிரித்துக் கொட்டினாள். தூளைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"இதப் போட்டா தூக்கத்துலயே போவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கஜபதி திரையிலிருந்து பார்வையைத் திருப்பினான்.

"ஏங்க... நீங்களா?"

கஜபதி தலையைக் குனிந்துகொண்டான். அதுவே போதுமானதாக இருந்தது. கௌதம் மீதி டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றினான்.

"பத்திரமா வெச்சுக்கோ. அது சாட்சி," என்றாள் மைதிலி.

வேலை போச்சு, மானம் போச்சு, ஜெயில் நிச்சயம். அத்தனையும் புரிந்தது கஜபதிக்கு. ஆனாலும் பாழாய்ப்போன மனசு ஒரே ஒரு கேள்வியில்தான் போய் நின்றது.

"அப்போ... உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

மைதிலி திரும்பி கௌதமை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுவரைக்கும் இல்லைங்க. முதல்ல போலீஸ் வந்து உங்கள அழைச்சுட்டுப் போகட்டும்... அப்புறம் சாவகாசமா யோசிக்கிறேன்."