கழித்தது போக

ஒரே துளைக்கார்டுக் கட்டு, ஒரே புரோகிராம். விடை மட்டும் வேறு.

ஜெயலக்ஷ்மி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தாள். நாலு பத்துக்கு ஓட்டியதில் முதல் வரி: இரண்டு நாழிகை. நாலு முப்பத்துநாலுக்கு ஓட்டியதில்: ஒரு நாழிகை. வழுதக்காட்டில் கொட்டிக்கொண்டிருந்த ஜூலை மழை, ஜன்னலே இல்லாத அந்தக் கம்ப்யூட்டர் அறைக்குள் கேட்கவில்லை, ஏ.சி.யின் ஓயாத இரைச்சலும், சூடான பிரிண்டர் ரிப்பனின் மசி வாடையும், எங்கிருந்தோ மெல்ல மெல்லக் கலந்துவந்த ஆற்றுச் சேற்று வாடையும்தான் இருந்தன.

"கோலப்பன், கார்டை மாத்திட்டேளா?"

"நான் தொடவே இல்ல மேடம், கேட்டோ! மெஷினுக்கும் அஞ்சு மணி ஆவப்போவுதுன்னா வீட்டுக்குப் போவணும்னு தோணும்லா." ஆபரேட்டர் கோலப்பன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக அவள் எழுதிய சப்ரூட்டீன்கள் அவை. வருஷம், மாதம், நாள், நாழிகை என்று எப்படிக் குத்திக் கொடுத்தாலும் படிக்கும், கூட்டும், கழிக்கும். இனி பென்ஷனுக்குச் சர்வீஸ் காலம் கணக்கிடும் எந்தப் புரோகிராமும் இவற்றைத்தான் கூப்பிடும். சோதித்துப் பார்க்கச் சிக்கலான கால அளவு வேண்டியிருந்தது. வீட்டிலேயே இருந்தது.

கணவன் சேஷனின் ஜாதகம்.

அதன் கடைசிப் பக்கத்தில் ஜோஸ்யர் ஆயுளை நாழிகை சுத்தமாகக் கணித்திருந்தார். அந்தப் பக்கத்தை மடித்துப் பசை போட்டு ஒட்டிவிடுவது கரமனை அக்ரஹாரத்தில் புகுந்த வீட்டின் வழக்கம். யாரும் பிரிக்கக் கூடாது. நேற்று அவள் இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்தாள், கணவனுடையதையும் தன்னுடையதையும். ஒரு கார்டில் ஆயுள், மறு கார்டில் இன்று நாலு பத்து வரைக்குமான வயது. கழித்தால் மிச்சம்.

இரண்டாம் வரியில் அவளுக்கு முப்பத்தெட்டு வருஷம் வந்தது. முதல் வரியில் அவனுக்கு இரண்டு நாழிகை. பிழை என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிஷம். குறைந்ததும் சரியாக இருபத்துநாலு நிமிஷம். ஆனால் இந்தப் புரோகிராமுக்குக் கடிகாரமே தெரியாது. கார்டில் குத்தியிருப்பதைத் தவிர எதையும் அது படிக்காது.

சேஷன் வேலை பார்க்கும் கல்லாறு சைட் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"சேஷன் சாரா? நாலு மணிக்கே ஸ்கூட்டர்ல இறங்கியாச்சே. ரோடெல்லாம் வெள்ளமாக்கும், நாங்க சொன்னா கேட்டாத்தானே!"

"திரும்பிக் கூப்பிட முடியாதா அவரை?"

"எங்க போயி கூப்பிட, மேடம்?"

நாலு ஐம்பது. ரீடரிலிருந்து கார்டுகளை உருவினாள். கிழித்தாள். கைப்பைக்குள் திணித்தாள்.

நாலு ஐம்பத்தெட்டு. ரீடர் காலி. பிரிண்டர் அடித்தது.

முதல் வரி: பூஜ்யம்.

"கோலப்பன், நிறுத்துங்கோ!"

"ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு மேடம்." அவன் குரலில் கேலி போயிருந்தது.

மறுபடி அடித்தது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அது வரவே வராது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமென்றே அச்சிடு என்று அவளே எழுதியிருந்தாள்.

கழித்தல் ஒரு நிமிஷம்.

கழித்தல் இரண்டு.

கதவு திறந்தது. சேஷன்.

கல்லாற்றிலிருந்து ஒன்றரை மணி நேரப் பாதை. மணி ஐந்து.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கறே? போலாமா?"

"சாரே, இந்த மழையில நனையவே இல்லியா?" என்றான் கோலப்பன்.

சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மூக்கோரத்தில் மட்டும் ஆற்று மணல்.

"வா. ஸ்கூட்டர் ஸ்டார்ட்லயே இருக்கு."

அவள் அசையவில்லை. அவன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஏ.சி.யைவிடக் குளிர்ந்த விரல்கள். அவன் தோளுக்குப் பின்னால் பிரிண்டர் நிதானமாக இரண்டாம் வரியை அடித்தது. அவளுடைய வரி.

வருஷம் பூஜ்யம். மாதம் பூஜ்யம். நாள் பூஜ்யம்.

நாழிகை ஒன்று.