ஜன்னலுக்கு எதிரே ஒன்பதடி

“யாரைக் கேட்டு இங்கே கோடு போடுறீங்க?”

குரல் கேட்டு நிமிர்ந்தவன் கோடு போட மறந்து நின்றான். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல், கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள்... அந்தக் கண்களுக்குக் கத்தரிக்கோலே தேவையில்லை!

அவள் அந்தத் தெருவின் கடைசி வீட்டுத் தையல்காரி. அவன், பக்கத்தில் எழும்பும் புதுக் குடியிருப்பின் தோட்ட வடிவமைப்பாளன். தெருவுக்கும் குடியிருப்புக்கும் நடுவே மரம் நடச் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

“பச்சை மறைப்பு மேடம். நெருக்கமா மரம் வைப்போம். இருபது அடி வளரும்.”

“என் ஜன்னலுக்கு நேராவா? அந்த வெளிச்சத்துலதாங்க என் பொழப்பே நடக்குது!”

“ஜன்னலா? வரைபடத்துல வெறும் சுவர்தானே இருக்கு...”

“எந்தப் புண்ணியவான் வரைஞ்சது?”

“...நான்தான்.”

அவன் அளவெடுக்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டோடு இருந்த தையல் கடைக்கு லீவு, ஜன்னல் சாத்தியிருந்தது. சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை அவள் அப்பா ஜன்னல் கதவுக்கும் பூசி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சுவர்தான்.

“திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சு மேடம். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு கடிதம் போட்டோமே?”

அவள் உதட்டைக் கடித்தாள். கடிதம் வந்தது உண்மை. ‘அவங்ககிட்ட நான் போய்க் கெஞ்சணுமா?’ என்று அப்பாதான் வீம்பாக அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.

“உள்ளே வாங்க,” என்றாள் சட்டென்று.

ஜன்னலைத் துணியால் மறைத்துவிட்டு, ஒரு ஊசியையும் கறுப்பு நூலையும் அவன் கையில் கொடுத்தாள்.

“கோர்த்துக் காட்டுங்க பார்ப்போம்.”

“லைட் போட்டா...”

“போட்டுத்தான் இருக்கு!”

நான்கு தடவை முயன்றான். நூல் ஊசியின் காதைத் தவிர எல்லாப் பக்கமும் போனது. அவளுக்குச் சிரிப்பு வர வேண்டியது... கண்ணில் நீர்தான் வந்தது.

“மரம் வளர்ந்தா என் கடை இப்படித்தாங்க இருக்கும்.”

அவன் ஊசியை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு, அப்போதுதான் பிடித்த மழையில் இறங்கி நடந்தான்.

அதன் பிறகு நான்கு நாட்கள் ஆளையே காணோம். ‘சுண்ணாம்பு!’ என்று மனசுக்குள் பெயர் வைத்துத் திட்டினாள். திட்டத் திட்ட அந்த முகம்தான் வந்து நின்றது... இதென்ன கொடுமை!

ஐந்தாம் நாள் காலையில் லாரிச் சத்தம். மண்வெட்டிச் சத்தம். அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள்... ஜன்னல் கதவை!

திறந்தாள். வெளிச்சம் மொத்தமாக உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் மரக்கன்றுகள் வரிசையாக நின்றன. நேர் எதிரே ஒன்பதடிக்கு மட்டும் முழங்கால் உயரச் செடிகள். நடுவில் அவன்.

“என் தப்புன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். செம திட்டு. நல்லவேளை, வேலை போகலை.”

அப்பாடா... ஐந்து நாளாக நெஞ்சில் கட்டியிருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

“அதுக்கு நாலு நாளா வராம இருக்கணுமா?” கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மாத்தின திட்டத்துக்குக் கையெழுத்து வாங்காம உங்க முகத்துல முழிக்கத் தைரியம் இல்லைங்க.”

“சட்டையில பட்டன் ஒண்ணு காணோம்.”

“தெரியும். வர்ற வழியில நானே பிச்சுட்டேன்.”

பாக்கெட்டிலிருந்து பட்டனை எடுத்து நீட்டினான். அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். நூல் முதல் தடவையிலேயே ஊசிக்குள் போனது. ஜன்னல் வழியாகவே, அவன் நெஞ்சுக்கு அருகில் தைத்தாள்.

“இந்த ஒன்பதடியில ஒரு சின்ன கேட் வைக்க அனுமதி இருக்கு,” என்றான் மெதுவாக. “அது வழியா தினமும் உங்களைப் பார்க்க வரணும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க...”

“எனக்கும்தான்...” குரல் அவளுக்கே கேட்கவில்லை. “ஆனா அப்பா...”

பக்கத்து அறையில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம். அப்பா தொண்டையைச் செருமினார்.

“தப்பை ஒத்துக்கத் தெரிஞ்ச பையன்தான். ஆனா ஒண்ணு... அந்த கேட்டுக்காவது வேற கலர் அடிக்கச் சொல்லும்மா!”