முசுறுக் கயிறு

அன்று வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஸரீனா. இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அவளுடைய கணவன் ஜைனுதீன். மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அவனுடைய தம்பி றினோஸ்.

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

பேச்சிழந்த ஜைனுதீன் இடது கையால் கட்டில் சட்டத்தில் கரண்டியைத் தட்டித்தான் எதையும் கேட்பான். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பு தட்டினான். பிறகு இல்லை. அலுவிகாரைப் பக்கமிருந்து வந்த மழை ஓய்ந்து, தகரத்திலிருந்து நீர் சொட்டுவதும், ஈரமேறிய மிளகின் காரவாடையும், நேற்று அவள் மரங்களில் எரித்த, முசுறு என்ற சிவப்பெறும்பின் இலைக்கூடுகளின் புளித்த புகைமணமும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்க, அவள் குசினி அடுப்புக்கும் நடைக்குமாக அலைந்தாள்.

நேற்று றினோஸ் தடுத்துப் பார்த்தான்.

"என்னத்துக்கு மதினி எரிக்கிறீங்க? முசுறு இரிந்தாத்தான் கொடியில பூச்சி ஏறாது."

"ஏணியில ஏறிக் கடி வாங்குறது நான். கீழ நின்டு ஏணி புடிக்கிற ஒனக்கு அது காவல்காரன்தான்."

மரத்துக்கு மரம் முசுறு நடக்க அவன் கட்டியிருந்த தும்புக் கயிறுகளை அவள் அறுத்தெறிந்தபோது, அவன் அவற்றைப் பொறுக்கிச் சுருட்டினான். "ஒன்ட நானாட கட்டில் கொசுவலைக்கு ஒரு கயித்தக் கட்டித் தா" என்றபோது தலையாட்டினான்.

அறைக்குள் போனாள். குனிந்து கட்டில் கால்களைப் பார்த்தாள். எறும்பு ஏறாமல் அவற்றுக்கடியில் வைத்த நான்கு டின்னிலும் தண்ணீர் இருந்தது. ஓர் எறும்புகூட மிதக்கவில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

கழுத்தில் ஏதோ ஊர்ந்தது.

நிமிர்ந்தாள். வலையைத் தாங்கிய கயிறு சிவப்பாக இருந்தது. நகர்ந்தது. அதன் மறுமுனை ஜன்னல் கம்பிகளைத் தாண்டி வெளியே போயிருந்தது. அவள் எரிக்காமல் விட்ட ஒரே மரத்துக்கு.

வலையைத் தூக்கினாள்.

ஒவ்வொரு முசுறும் வாயில் தன் குஞ்சான ஒரு வெள்ளைப் புழுவைக் கவ்வியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு தொடல். அந்தப் பக்கம் ஒரு தொடல். இடையில் புழு விட்ட வெள்ளை நூல். இலையை மடித்துக் கூடு தைப்பதுபோலவே ஜைனுதீனைத் தைத்திருந்தன. விரல்கள் கரண்டியோடு சேர்ந்து. உதடுகள் முழுவதும். ஓர் இமை.

மற்றக் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது.

அவள் கை நீண்டது.

"தட்டி உடாதீங்க மதினி." வாசலில் றினோஸ். மெதுவாகத்தான் பேசினான். "நீங்க எரிச்ச கூட்டுக்குப் பதிலாக் கட்டி முடிக்கட்டும். நீங்களும் அசையாம நில்லுங்க."

அவள் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி இரண்டு முறை திரும்பியது.